சாய நூலில் கட்டிய மல்லிகை

மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறிக்க வேண்டும் என்பது வெள்ளத்துரைக்கு நாற்பத்தாறு வயது வரை தெரியாது. பூ என்றால் பூத்த பிறகு பறிப்பது என்றுதான் நினைத்திருந்தார். யோசித்துப் பார்த்தால் அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மல்லிகை அந்த யோசனைக்குக் கட்டுப்படவில்லை. முந்தின நாள் அந்தியில் விரிந்ததை மறுநாள் காலையில் பறிக்கப் போவார். விரல் பட்டதும் பூ காம்பை விட்டுக் கழன்று கீழே விழும். விழாமல் கைக்கு வந்ததும் ஓரம் பழுத்து, வெயில் ஏறுவதற்குள் சுருங்கிப்போகும். எண்பத்திரண்டாம் வருஷம் பங்குனி முதல் வாரம் முழுவதும் அவர் இப்படித்தான் பூப் பறித்தார்.

சங்கரன்கோவிலில் ரயில் நிலையத்துக்குப் போகிற ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு வளவில் அவர் குடியிருந்தார். ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக ஆறு வீடுகள், நடுவில் பொதுக் கிணறு. அவர் இருந்த கடைசி வீட்டுக்கு மட்டும் பின்பக்கம் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு மண் இருந்தது. அந்த மண்ணில் தோட்டம் போட்டவர் அவர் இல்லை. அவருக்கு முன்னால் அங்கே இருந்த தாவீது வாத்தியாரின் மனைவி ஞானபூரணம் போட்டது. அவர்கள் சபையில் பெண்கள் தலையில் பூ வைப்பதில்லை. சனிக்கிழமை பறித்ததையெல்லாம் மறுநாள் ஆராதனைக்குக் கொண்டுபோய் ஜாடியில் வைப்பார். வாத்தியாருக்குக் கோவில்பட்டிக்கு மாற்றல் வந்தபோது, அந்த அம்மாள் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். 'மல்லிகைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். ஆட்டுக்கு எட்டாமல் பார்க்கவும். தை கழியுமுன் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடவும். இரக்கப்பட வேண்டாம்.'

எப்போது பறிப்பது என்று அதில் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருப்பார்.

முதல் வருஷம் வெள்ளத்துரை இரக்கப்பட்டார். செடி தன் போக்கில் படர்ந்து கிடந்தது. கோடைக்கு எண்ணி முப்பது பூ பூத்தது. இரண்டாம் வருஷம் தை மாதக் கடைசியில் நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். வெட்டி முடித்தபோது ஏழு செடிகளும் வெறும் குச்சிகளாக நின்றன. செய்யக்கூடாததைச் செய்துவிட்டதாக இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மாசி நடுவில் ஒரு நாள் பின்பக்கம் எட்டிப் பார்த்தபோது கணுவுக்குக் கணு பச்சை தெரிந்தது.

அவருக்கு விசைத்தறிக் கொட்டகையில், அதாவது தறிச் செட்டில், பாவு என்கிற நீளவாட்டு நூலைப் பிணைக்கிற வேலை. ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் புதுப் பாவைத் தறியில் ஏற்றி, பழைய நூலின் நுனியையும் புது நூலின் நுனியையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஒரு சேலைப் பாவுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் இழைகள். விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொள்வார். முடிச்சு கிடையாது, வெறும் முறுக்குத்தான். அதை நம்பித்தான் தறி ஓடுகிறது. இருபத்தைந்து வருஷத்தில் அவர் முறுக்கிய இழை வழுக்கியது என்று ஒரு முதலாளியும் சொன்னதில்லை. அவர் வேலை செய்கிற தறி மட்டும்தான் நின்றிருக்கும். சுற்றிலும் முப்பது தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அதனால் சத்தமாகப் பேசுவார். பேச ஆள் குறைவு என்பதால் அது யாரையும் அதிகம் தொந்தரவு செய்யவில்லை.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா சீக்கிரம் போனார். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்றார்கள். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தார். பிறகு அம்மா படுத்துவிட்டாள். அம்மா போன பிறகு பார்ப்பதற்கு ஆள் இல்லை. முப்பத்தைந்து வயது வரை தெரிந்தவர்கள் அதைப் பற்றிக் கேட்டார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்காமல் விட்டது மரியாதைதான், ஆனால் ஒரு மனிதனின் கணக்கு முடிந்துவிட்டது என்பதையும் மற்றவர்கள் அப்படித்தான் தெரிவிக்கிறார்கள்.

அந்தப் பங்குனியில் மின்வெட்டு இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் மத்தியானத்துக்கு மேல் செட் ஓடாது. மற்ற ஆட்கள் டீக்கடைக்குப் போனார்கள், படம் பார்க்கப் போனார்கள். வெள்ளத்துரை வீட்டுக்கு வந்தார். அப்படி வந்து பார்த்த பிறகுதான், தன் வீட்டுப் பின்பக்கம் பகலில் எப்படி இருக்கும் என்பதே அவருக்குத் தெரிந்தது. வேப்ப மர நிழல் மூன்று மணிக்குச் சுவரைத் தாண்டி மல்லிகை மேல் விழுந்தது. நாலரை மணிக்கு அந்திமந்தாரை விரிந்தது. கடிகாரம் இல்லாத வீட்டில் அவர் அதைப் பார்த்துத்தான் டீப் போட்டார். நந்தியாவட்டை யாரும் கேட்காமலே பூத்துக்கொண்டிருந்தது. கேந்திச் செடிகள் வெயிலில் கருகிவிட்டன. அவற்றைப் பிடுங்கிப் போட மனம் வராமல் விட்டிருந்தார். குளிப்பதைக் கிணற்றடியிலிருந்து மாற்றி, இரண்டு குடம் தண்ணீரைப் பின்பக்கம் கொண்டுவந்து மல்லிகைக்கு நடுவில் நின்று குளித்தார். கிணறு இறங்கிக்கொண்டிருந்த நாட்களில் செடிக்கென்று தனியாகத் தண்ணீர் இறைத்தால் வளவில் பேச்சு வரும். குளிக்கிறவனை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

அடுத்த வீட்டு ஆவுடையம்மாளின் சிமெண்டு போட்ட பின்வாசலுக்கும் அவர் தோட்டத்துக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்று. அவள் சைக்கிள் கடை மூக்காண்டியின் மனைவி. ஒரு நாள் காலையில் துணி உலர்த்த வந்தவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அண்ணாச்சி செய்தீய?"

"பூப் பறிக்கேன்."

"செத்ததுக்குப் பிறகு பறிக்கீய. உசிரோட இருக்கையிலல்லா பறிக்கணும்."

"என்னது?"

"மொட்டு, அண்ணாச்சி, மொட்டு! மத்தியானம் ரெண்டு மணிக்குப் பறிக்கணும். தொடுத்துத் தண்ணி தெளிச்சு வச்சா சாயந்தரம் தலையில இருந்து விரியும்."

"ரெண்டு மணி வெயில்லயா?" என்று அவர் கத்தினார்.

"கத்தாதீய. நான் இங்கனதான் நிக்கேன். கரிவலத்துலயா நிக்கேன்?"

அவள் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரைப் பேச்சுக்குச் சொன்னாள். கரிவலம்வந்தநல்லூர் அவருடைய தங்கை மாரித்தாயைக் கட்டிக்கொடுத்த ஊர் என்பது அவளுக்குத் தெரியாது. அவர் குனிந்து, விழுந்த பூக்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

அடுத்த மின்வெட்டு நாளில் இரண்டு மணிக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பறித்தார். மொட்டு கெட்டியாக, குளிர்ச்சியாக இருந்தது. அந்த வெயிலில் எதற்கு அந்தக் குளிர்ச்சி என்று விளங்கவில்லை. ஒரு சாப்பாட்டுத் தட்டு நிறைந்துவிட்டது. தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தார். அம்மா படம் ஒன்று இருந்தது, அதற்கு நாலைந்து மொட்டு. மிச்சத்தை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ஆறு மணிக்குத் தட்டோடு அத்தனையும் விரிந்தன. ஒற்றை அறை முழுக்க வாசனை நிறைந்தது. வீட்டில் கல்யாணம் நடக்கிற மாதிரி இருந்தது. அவர் எழுந்து வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாளும் செட் ஓடவில்லை. புதிதாகப் பறித்த மொட்டுகளோடு தட்டை எடுத்துக்கொண்டு சுவர் அருகே போனார். ஆவுடையம்மாள் மிளகாய் வற்றலைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஆவுடையம்மா, இந்தப் பூவை..."

"நில்லுங்க அண்ணாச்சி. அதை மட்டும் சொல்லீராதீய."

"ஏன்?"

"பூவை வேண்டாம்னு சொல்லப்பிடாது. நீங்க நீட்டீட்டா நான் வாங்கித்தான் ஆகணும். வாங்கித் தலையில வச்சா, சாயந்தரம் கடையடைச்சிட்டு வார மனுசன் ஏது பூவுன்னு கேப்பாரு. என்னத்தச் சொல்ல? பொண்டாட்டி இல்லாத ஆம்பளை சுவரு மேல நீட்டுனாரு, வாங்கி வச்சேன்னா?"

"நீ என்னை அண்ணாச்சின்னுதானே கூப்பிடுத?"

"பலசரக்குக் கடைக்காரரையும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுதேன். வாயால கூப்பிட்டா கூடப்பொறந்தவுக ஆயிருவாகளா?" என்று சொல்லிச் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைக் குறைத்துக்கொண்டாள். "கூடப்பொறந்த பொம்பளை யாரும் இல்லையா உங்களுக்கு?"

"ஒரு தங்கச்சி இருக்கா."

"பிறகென்ன? எங்கன இருக்காக?"

"கரிவலத்துல" என்றார். இந்த முறை சத்தமே வரவில்லை.

செட் ஓடுகிற நாட்களிலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிவந்து மொட்டைப் பறித்துவிட்டுப் போனார். சில நாட்கள் பூவைக் கோயிலுக்குக் கொண்டுபோனார். அம்மன் சன்னதியில் வாங்கிக்கொண்டார்கள். அங்கே ஒரு பெரிய மூங்கில் தட்டு. ஏற்கெனவே கிடந்த குவியலில் இவருடையதைக் கவிழ்த்ததும் எது இவருடையது என்று தெரியாமல் போயிற்று. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கோயில் அதற்குத்தான் இருக்கிறது, கொடுத்தவன் பெயர் அழிந்துபோவதற்கு. ஆனால் பெயர் அழிந்துபோக வேண்டும் என்று ஆசைப்பட முதலில் ஒரு பெயர் வேண்டும். நாலாவது நாள் அவர் கோயிலுக்குப் போகவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மாரித்தாயின் மகள் பேச்சிக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் ஓலை கொண்டுபோய்க் குடிசை கட்ட வேண்டும், அவன் கொண்டுவருகிற சேலையைத்தான் பிள்ளை முதலில் உடுத்த வேண்டும். காலை பத்தரை மணிக்கு நல்ல நேரம். சேலை, ஓலை, தேங்காய், பழம் எல்லாம் முந்தின நாளே தயாராக இருந்தன. அன்று சாயங்காலம் செட்டில் ஒரு பாவு ஏறியது. விடிவதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தார். விடிந்தபோது நானூறு இழைகள் பாக்கி. முதலாளி அங்கே இல்லை. யாரும் அவரைப் பிடித்துவைக்கவில்லை. எழுந்து போயிருக்கலாம். ஆனால் பாதியில் விட்ட பாவு கலைந்து சிக்காகிவிடும், பாதியில் விட்டு அவர் எழுந்ததே இல்லை. நானூறுதானே என்று நினைத்தார். இருநூறுதானே என்று நினைத்தார். தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டால் அந்தச் சத்தத்துக்குள் நேரம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

கரிவலத்தில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி ஒன்று. பேச்சி சேலை உடுத்தி மணையில் உட்கார்ந்திருந்தாள். மச்சான் வழியில் யாரோ ஒருவரை மாமனாக நிறுத்தி, அவர் எடுத்துக் கொடுத்த சேலை. வெள்ளத்துரை தலையில் ஓலைக்கட்டோடு வாசலில் நின்றார். மாரித்தாய் அவரைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. உள்ளே திரும்பி, "வந்தவங்களுக்கு இலை போடுங்க" என்றாள்.

அவர் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினார். அதன் பிறகு பொங்கலுக்குக் கொடுத்துவிட்ட கரும்பும் மஞ்சள் குலையும் திரும்பியும் வரவில்லை, பதிலும் வரவில்லை. ஒரு முறை போய் நின்றிருக்கலாம். 'வாங்க' என்று சொல்லிவிடுவாள் என்ற பயத்தில் போகவில்லை. அதற்கு முன்னால் வரை அவள் 'வாண்ணே' என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

இப்போது பேச்சிக்கு மாப்பிள்ளை பார்ப்பதாக ஒரு பேச்சு அவர் காதுக்கு வந்தது. வைகாசியில் பெண் பார்க்க வருகிறார்களாம். கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் மறுபடியும் வேறு யாராவது நிற்பார்கள். அது அவருக்குத் தெரியும். அதைக் கேட்கவும் தனக்கு வாய் இல்லை என்பதும் தெரியும். அவர் நினைத்தது சிறிய விஷயம். தன் கையிலிருந்து மாரித்தாய் ஒரு முழம் பூ வாங்கிக்கொள்வாளா?

பூக்கட்ட அவர் அதிகம் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. கடைத்தெருவில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், நூலை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் இறுகிக்கொள்ளும். விரல்களுக்கு நூல் புதிதில்லை. பழக்கத்தில் இரண்டு முறை சாம்பலைத் தேடிக் கை போயிற்று. செட்டில் வெட்டி எறிகிற மிச்ச நூல் பந்து பந்தாக வீட்டில் கிடந்தது. அதில் சேலைக் கரைக்குப் போடுகிற அரக்குச் சிவப்பு நூலை எடுத்துக்கொண்டார். வெள்ளை மொட்டுக்கு நடுவில் அரக்கு ஓடுவது பார்க்க எடுப்பாக இருந்தது. பதினைந்து நாள் பழகினார். கட்டுவார், பார்ப்பார், அம்மா படத்துக்குப் போடுவார், காலையில் எடுத்து மண்ணில் போடுவார். அந்தப் பதினைந்து நாளும் நன்றாகத்தான் இருந்தன. ஒருவருக்குக் கொடுக்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு செய்கிற வேலை, கொடுக்கிற வரைக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

மூக்காண்டி ஒரு நாள் சுவர் மேல் எட்டிப் பார்த்தார். "என்ன வே, பூக்கடை போடப் போறீரா?"

"சும்மா ஒரு பழக்கத்துக்கு."

"மீசையை எடுத்துட்டுத் தொடும் வே. பூவு பயந்துரும்."

பங்குனி முடிந்து சித்திரை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை செட் ஓடவில்லை. இரண்டு மணிக்குப் பறித்தார். மூன்றரைக்குள் நாலு முழம் கட்டினார். முழம் அவர் கைக்கு. சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை. சாப்பாடு கொண்டுபோகிற தூக்குவாளியைக் கழுவித் துடைத்து, உள்ளே வாழை இலையைச் சுற்றி, பூவை வைத்தார். கடைத்தெருவில் தெளிப்பார்களே என்ற நினைவில் இரண்டு கை தண்ணீரும் தெளித்தார். பழகிய நாட்களில் ஒரு நாளும் அவர் தண்ணீர் தெளித்ததில்லை. இருபத்தைந்து வருஷமாக நூலோடு இருக்கிறவர். ஆனால் தறியில் நூல் எப்போதும் காய்ந்துதான் இருக்கும். நூல் நனைந்தால் என்ன ஆகும் என்று அவர் பார்த்ததில்லை.

ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டார். அதன் மூடி சரியாக உட்காராது. பள்ளத்தில் பஸ் ஏறி இறங்கும்போதெல்லாம் மூடியைப் பிடித்துக்கொண்டார். அறுவடை முடிந்த கரிசல் காடு இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தது. என்ன சொல்லிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தார். பூவை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று ஆவுடையம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது. முதலில் அது தைரியமாக இருந்தது. பாதி வழியில், அதுவே பெரிய சங்கடமாகப் பட்டது. மறுக்க முடியாத ஒன்றை அவள் வாங்கிக்கொண்டால், வாங்கிக்கொண்டாள் என்பதற்கு என்ன பொருள்? எதிரி வீட்டிலிருந்து வந்தாலும் வாங்கத்தான் செய்வாள். இது முன்னமே தோன்றியிருந்தால் வாழைப்பழமோ மிட்டாயோ வாங்கி வந்திருக்கலாம். அதை வேண்டாம் என்று சொல்லவாவது அவளால் முடியும்.

மாரித்தாய் வாசலில்தான் இருந்தாள். முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"வாங்க" என்றாள்.

அவர் உள்ளே போனார். பேச்சி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "உக்காருங்க மாமா" என்றாள். பத்தொன்பது வயது. சாலையில் பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்காது. அவளுடைய அப்பா பக்கத்து ஊரான திருவேங்கடத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். வெள்ளத்துரை உட்கார்ந்து தூக்குவாளியை மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டார். மாரித்தாய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நீட்டப் போனவள் அப்படியே நின்றாள்.

"அய்யய்யோ! ரெத்தம்!"

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்னது?"

"ஏண்ணே, வேட்டியெல்லாம் ரெத்தமா இருக்கு! எங்கன விழுந்த? பஸ்ஸுல இடிச்சிட்டியா? ஏட்டி பேச்சி, அந்தத் துணியை எடு! காலை நீட்டு, காட்டுண்ணே... வாயைத் தொறந்து சொல்லித் தொலையேன்!"

அவர் குனிந்து பார்த்தார். சலவை வேட்டியில், தொடையிலிருந்து முழங்கால் வரை சிவப்பாக இறங்கியிருந்தது. தூக்குவாளியின் மூடியோரத்தில் இன்னும் ஒரு சொட்டு நின்றது.

"பூ" என்றார்.

"என்ன பூ?"

"உனக்குப் பூ கொண்டாந்தேன்."

அவள் தூக்குவாளியை வாங்கி மூடியைத் திறந்தாள். நாலு முழம் மல்லிகையும் அரக்குச் சாயத்தில் ஊறிக் கிடந்தது. கையை விட்டு எடுத்தாள். விரலெல்லாம் சிவந்தது. பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"சாய நூல்ல பூவைக் கட்டித் தண்ணியவும் தெளிச்சிருக்க. கோட்டி புடிச்சிருக்கா உனக்கு? வாழைநார் கிடைக்கலையா ஊருல? தறியில கெடந்து கெடந்து மூளையும் நூலாப் போச்சா? நல்ல வேட்டியப் பாழாக்கி, நானும் ரெத்தம்னு நெனச்சு... ஈரக்கொலையே நடுங்கிட்டு."

அவர் வேட்டியைக்கூடத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பேசினால் அது நின்றுவிடும் என்று தோன்றியது. ஆறு வருஷத்தில் அவரை யாரும் இப்படித் திட்டவில்லை. திட்டுவதற்கு ஒரு உரிமை வேண்டும். வளவில் யாருக்கும் அது கிடையாது.

அவள் தானாகவே நிறுத்திக்கொண்டாள். என்ன பேசினோம் என்பது அவளுக்கே அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது. செம்பை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். பூவைக் கொண்டுபோய் முறத்தின் ஒரு ஓரத்தில் போட்டு உட்கார்ந்தாள். பின்பக்கம் நின்ற வாழையிலிருந்து பேச்சி நார் கிழித்துக் கொண்டுவந்தாள். மாரித்தாய் நூலை உருவி எறிந்தாள். சாயம் அதிகம் ஏறாத மொட்டாகப் பொறுக்கி, நாரில் கட்டினாள். அவள் கை வேகம் அவருக்கு வராது. இரண்டு முழம் தேறியது. அதற்குள் நுனியில் ஒன்றிரண்டு விரிய ஆரம்பித்துவிட்டன. விரிந்த இதழ்களின் அடியில் இளஞ்சிவப்பு இருந்தது. பார்க்க ஒன்றும் மோசமாக இல்லை.

பேச்சி கையை நீட்டினாள். மாரித்தாய் பூவை அவள் கையில் கொடுத்தாள்.

"சாமி படத்துக்குப் போடு."

பேச்சி ஒரு முறை மாமாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். படத்துக்குப் போட்டாள்.

சாமிக்குப் போட்டதைக் குறை சொல்ல முடியாது. பூவுக்கு அதைவிட மேலான இடம் இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். வெள்ளத்துரைக்கும் அப்படிச் சொல்லத் தெரியும். மோர் கொடுத்தார்கள், குடித்தார். பேச்சியின் மாப்பிள்ளை விஷயத்தை அவர்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மழை பற்றி, கிணறு பற்றி இரண்டு வார்த்தை. ஐந்தரை பஸ்ஸுக்கு எழுந்தார். மாரித்தாய் வாசல் வரை வந்தாள்.

"போயிட்டு வாங்க" என்றாள்.

அவர் நாலு வீடு தாண்டிய பிறகு பேச்சி ஓடிவந்து, கழுவிய தூக்குவாளியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் அதை மறந்தே போயிருந்தார்.

பஸ்ஸில் இடம் இல்லை. நின்றுகொண்டே வந்தார். வேட்டியைப் பார்த்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவும், சாயம் என்று விளக்கவும் சங்கடப்பட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் கூப்பிட்ட இரண்டு விதத்தையும் மனதில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். பயத்தில் 'அண்ணே' என்றாள். பயம் தெளிந்ததும் 'வாங்க' என்றாள். எது அவள்? யோசித்துப் பேசுவது ஒருவருடைய உண்மையான பேச்சா, யோசிக்காமல் வருவதா? பஸ் சங்கரன்கோவிலுக்குள் நுழைகிற வரைக்கும் அவருக்கு அது தீரவில்லை.

வீட்டுக்கு வந்து தூக்குவாளியைத் திறந்தார். உள்ளே ஈரம் காயாத வாழைநார், ஒரு பிடி, வளையமாகச் சுற்றி வைத்திருந்தது.

வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. ஒரு கரண்டி அரிசியோ ஒரு துண்டு வெல்லமோ போட்டுத்தான் கொடுப்பார்கள். அது யாருக்கும் செய்கிறது. ஆனால் அரிசி போடவில்லை, வெல்லம் போடவில்லை. பேச்சி போட்டாளா, மாரித்தாய் போட்டாளா என்பதும் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிற விஷயமும் இல்லை.

அடுத்த நாள் இரண்டு மணிக்கு அவர் பின்பக்கம் போனபோது மொத்தம் ஒன்பது மொட்டு இருந்தது. மறுநாள் மூன்று. அதற்கு மறுநாள் ஒன்றும் இல்லை. செடியில் இலைதான் இருந்தது. ஏதோ நோய் என்று நினைத்துப் பயந்து, சுவர் அருகே போய்க் கூப்பிட்டார்.

"நோய் ஒண்ணும் இல்லை அண்ணாச்சி" என்றாள் ஆவுடையம்மாள். "ஒரு ஈடு ஓஞ்சிட்டு. இருபது நாளோ ஒரு மாசமோ சும்மா நிக்கும். பிறகு மறுபடி அரும்பு கட்டும். நுனியைக் கொஞ்சம் கிள்ளிவிடுங்க."

"வைகாசிக்குள்ள வந்துருமா?"

"வரும், தண்ணி காட்டுனா வரும். என்ன, கையில நாரோட நிக்கீய?"

தினமும் காலையில் குளிக்கும்போது அவர் நாரையும் நனைத்துப் பிழிந்து தூக்குவாளிக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தார். அதைச் சொன்னார்.

"அய்ய, தினமும் நனைச்சா அழுகிப் போகுமே. காயப் போட்டு எடுத்து வையுங்க. எத்தனை நாள் ஆனாலும் கிடக்கும். வேணுங்கிற அன்னைக்கு நனைச்சாப் போதும்."

"காஞ்சா ஒடிஞ்சு போகாதா?"

"ஒடியாது. நனைச்சா பழையபடி ஆயிரும்."

அவர் அவ்வளவாக நம்பவில்லை. இருந்தாலும் பின்வாசல் நிலையில் ஒரு ஆணி இருந்தது, அதில் நாரைத் தொங்கவிட்டார். சித்திரை வெயிலில் ஒரே நாளில் அது சுருங்கிப் பழுப்பாகி, ஒன்றுக்கும் உதவாததைப் போல ஆயிற்று. அதன் கீழே இரண்டு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு, செடிகளுக்கு நடுவில் நின்று குளித்தார். குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு ஒவ்வொரு கிளை நுனியாகப் பார்த்தார். இன்னும் ஒன்றும் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கும் ஒரு முறை வந்து பார்த்தார்.